பின்சீட்டில் சோறு வடிக்கும் வாசம்

முதலில் அது நல்ல வாசமாகத்தான் இருந்தது. நாற்றமாக இருந்திருந்தால் அன்றைக்கே தேடிப் பிடித்து, தூக்கி எறிந்து, கை கழுவி மறந்திருப்பேன். இது அப்படி இல்லை. சீரகச் சம்பா வெந்து, கஞ்சி வடிந்து, பானையை நிமிர்த்தி மூடியைத் தூக்கினால் முகத்தில் வந்து மோதும் ஓர் ஆவி இருக்குமே, அந்த வாசம். அடுப்பில்லாமல், பானையில்லாமல், ஒரு பருக்கைகூட இல்லாமல், எங்கள் பழைய காரின் பின்சீட்டில்.

எங்கள் வீட்டில் அப்போது சோறே கிடையாது. என் கணவருக்குச் சர்க்கரை. இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண், மழைக்காலம் முழுக்க ஆறாமல் கிடந்தது. சேலத்து டாக்டர் விரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அரிசியை நிறுத்தாவிட்டால் இந்த விரல் இருக்காது என்றார். மனிதர் அன்றைக்கே நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் சோறு கேட்கிற ஆள், கல்யாண வீட்டில் இலையை மடிக்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆள், சாமைக் கஞ்சிக்கும் கேழ்வரகுக் களிக்கும் முகம் சுளிக்காமல் மாறினார். வீட்டிலிருந்த அரிசி மூட்டையை மாரமங்கலத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அவரே ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்.

நானும் விட்டுவிட்டதாகச் சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை புண்ணுக்குக் கட்டு மாற்றச் சேலம் போவோம். அவர் உள்ளே கட்டில் மேல் காலை நீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், நான் எதிர்ச் சாரியில் இருந்த ஓட்டலுக்கு நழுவுவேன். வாழையிலையில் சோறு. சாம்பார், ரசம், மோர் என்று ஒரு சுற்று. அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒரு டீ குடித்த முகத்தோடு திரும்பி வருவேன். பெருந்தொற்றுக் காலத்துக் காய்ச்சல் அவர் மூக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். என் கையில் ரச வாசம் இருந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்த மூக்கில்லாத தைரியத்தில்தான் நான் தின்றேன்.

ஆகவே காரில் சோற்று வாசம் வந்ததும் எனக்கு முதலில் பகீரென்றது. என்னிடமிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். சேலையை முகர்ந்தேன், கையை முகர்ந்தேன், தலைமுடியை முன்னால் இழுத்து முகர்ந்தேன். நான் சேலத்துக்குப் போகாத நாளிலும் வாசம் வந்தது. அப்போதுதான் என் மனம் அடுத்த படியில் ஏறியது, மிகச் சுலபமாக, தினமும் ஏறுகிற படி போல. நான் இல்லை என்றால் அவர்.

திருடுகிறவளுக்குத் தெரிந்த வழி அதுதானே. சாமான் வாங்க, தபால் பார்க்க, உரம் கேட்க என்று அவர் காரை எடுத்துக்கொண்டு தனியாக ஏற்காடு டவுனுக்குப் போவார். திரும்பி வரும்போது எங்கேயோ சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் பொட்டலத்தைப் பிரித்து... நான் அந்தப் படத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தேன்! வாழையிலையின் வாடிய ஓரம்கூட எனக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க எழுத்தில் நான் தேடிக்கொண்டிருக்கும் துல்லியம், அவரைச் சந்தேகப்படுவதற்கு மட்டும் தானாக வந்து உட்கார்ந்தது.

கேட்கவில்லை. அவரிடம், "கார்ல பூசணம் பிடிச்சிருக்குதுங்க, மழைக்கு" என்று மட்டும் சொன்னேன். மூக்கில்லாதவரிடம் வாசத்தைப் பற்றி எதற்கு வாயைத் திறப்பது? அவருக்குத் தெரியாத ஒரு சாட்சி என் கையில் இருந்தது. அதை நான் பொத்தி வைத்துக்கொண்டேன்.

பிறகு காரைக் கழுவினேன். வாசத்தைப் போக்கவா, அவர் மறுபடி தின்றால் புதிதாகத் தெரிய வேண்டும் என்றா? இரண்டுக்கும்தான். மிதியடிகளை உரித்துத் துவைத்தேன். மார்கழிப் பனியில் எங்கள் வாழவந்திப் பக்கம் எதுவும் காயாது. இரண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்ட மிதியடிகள் நாள் கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தன. சீட்டின் மேல் ஆப்ப சோடாவைத் தூவி ஊறவிட்டுத் தட்டினேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு மூலையிலும் வைத்தேன். அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து சீட்டுக்கு அடியில் தள்ளினேன். சாம்பிராணி போட்டேன், கார் ஒரு கோயில் போல மணத்தது, கோயிலுக்குள் யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எங்கள் காப்பியையே வறுத்துப் பொடித்து, ஒரு கொட்டாங்குச்சியில் நிரப்பிப் பின்சீட்டில் வைத்தேன். மறுநாள் காலையில் கொட்டாங்குச்சி கவிழ்ந்து கிடந்தது. எரிச்சலோடு கூட்டித் தள்ளினேன். அவர்தான் தட்டிவிட்டிருப்பார், அவசரத்தில்.

அடிவாரத்தில் எங்கள் காருக்குப் பழகிய மெக்கானிக் ஒருவர் உண்டு. ஒரு நாள் கட்டு மாற்றப் போன வழியில், கணவர் இறங்கி வெற்றிலைக் கடையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது, பின்கதவைத் திறந்து காட்டினேன்.

"ஏனுங்க, உள்ள குக்கரு ஏதாச்சும் மறந்து வெச்சுட்டீங்களா?" என்றார் தலையை உள்ளே விட்டபடி.

"வெளையாடாதீங்க. என்ன வாசம் இது?"

"பிரியாணிக்கு அரிசி வேகுற மாதிரி இருக்குதுங்க. கறி மட்டும்தான் பாக்கி. கறி போட்டப்பறம் ஒரு போன் அடிங்க, நான் வந்தர்றன்." சிரித்துவிட்டு டிக்கியைத் திறந்தார். டிக்கியின் அடித்தகரம் துருப்பிடித்து, ஒரு பக்கம் சோற்றுத் தட்டு அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. அதை முன்பே பார்த்திருக்கிறேன், மேலே ஒரு கோணிச் சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். சாக்கு ஒதுங்கியிருந்தது. "இத அடைச்சுப் போடோணுமுங்க. தண்ணி ஏறும். பின்சீட்டு சாய்மானமும் கிழிஞ்சு கெடக்குது, டிக்கிக்கும் உள்ளுக்கும் நேர் ரோடு போட்ட மாதிரி."

"அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். கணவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். வாசத்தைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மலையில் காப்பி வைத்திருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. காரைக் கூட்டும்போதெல்லாம் காப்பிக் கொட்டைகள் அகப்பட்டன. பழத்தோல் போன, மேலுறை போகாத வெளிறிய கொட்டைகள், பிசின் பிடித்து, கடலை மிட்டாய் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. வேறு ஊரில் யாராக இருந்தாலும் இது என்ன என்று நின்று பார்த்திருப்பார்கள். எங்களுக்குக் காப்பிக் கொட்டை மண்ணைப் போல. படுக்கையில் கிடக்கும், சட்டைப் பையில் கிடக்கும், சோப்புப் பெட்டியில்கூடக் கிடக்கும். பழம் பிழிந்த கொட்டையின் மேல் கொழகொழப்பு இருக்கத்தான் செய்யும், ஒட்டத்தான் செய்யும். மூட்டையிலிருந்து சிந்தியது என்று நினைத்து, பொறுப்பாகப் பொறுக்கி, உதிர்த்து, களத்தில் தார்ப்பாயின் மேல் காய்ந்துகொண்டிருந்த மற்றவையோடு சேர்த்துவிட்டேன். வீணாக்கலாமா?

பொங்கலுக்குச் சில நாள் முன்பு மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஏறியிருந்தது. டாக்டர் புருவத்தை உயர்த்தினார். கணவர் குழம்பிப்போய், "நான் ஒண்ணும் தப்புப் பண்ணலீங்களே" என்றார், பரீட்சையில் தோற்ற பையன் போல. புண்ணில் சீழ் இருந்தாலும் ஏறும், பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. எனக்குத் தீர்ப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவருடைய தங்கை மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். அண்ணனுக்கென்று சாமையைக் குத்திப் புடைத்துக் கொண்டுவந்திருந்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் கஞ்சியை உறிஞ்சிவிட்டு, "நொம்ப நல்லாருக்குது" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. இப்படிக்கூட நடிப்பாரா?

"இங்க கஞ்சி. கார்ல உக்காந்து என்ன சாப்பிடறீங்க?"

அவர் நிமிர்ந்தார். "என்ன?"

"சோறுங்க. கார்ல வெச்சு சோறு திங்கறீங்கல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

நாத்தனார் முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏனுங்க அண்ணி, என்ன பேச்சுங்க இது? சோத்த ஒளிச்சுத் திங்கற ஆளா எங்கண்ணன்? பள்ளிக்கூடத்துல புளியங்கா திருடுனதயே ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டு அடி வாங்குன ஆளுங்க."

"உங்கண்ணனுக்குச் சர்க்கரை ஏறியிருக்குது. காத்தைக் குடிச்சா ஏறும்?"

அவர் கஞ்சியை முழுசாகக் குடித்து முடித்தார். எழுந்து கை கழுவினார். ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இனி உன்ற கிட்டயே இருக்கட்டும் புள்ள" என்றார். கோபமில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. குரலில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் காரில் ஏறவில்லை. டவுனுக்கும் பஸ், கட்டு மாற்றவும் பஸ். எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போக, காப்பிக் காட்டுக்கு நடுவே கல்லும் ஈரமுமாக ஓர் இறக்கம். புண்ணுக்கு மேல் பாலிதீன் பையைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு போவார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். பனிக்குள் முதலில் கால் மறையும், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலைத்துண்டு. போய்க் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். கதவு வரை போவேன். கதவுப் பிடியின் குளிர் கையில் ஏறும். திரும்பி வந்துவிடுவேன். இறக்கத்தில் ஒரு நாள் கால் சறுக்கி, ஆறத் தொடங்கியிருந்த விரல் மறுபடி பிளந்தது. அதையும் அவர் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட கட்டுத் துணி சொன்னது.

சாவி என்னிடம். கார் நகரவில்லை. ஆனால் வாசம் நிற்கவில்லை. முன்பைவிடக் கனத்து, இனித்து, கீழே லேசாக மூத்திர நெடி ஓடத் தொடங்கியிருந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறு சாவி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம். விளக்குப் போடுவதா வேண்டாமா என்ற நேரம். பனி இறங்குவதற்கு முன் களத்துக் காப்பியை மூட அவர் தார்ப்பாயோடு போயிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை, அதற்குள் கார். அந்தக் காரின் பின்பகுதி மெல்ல அசைந்தது. யாரோ சீட்டில் புரண்டு உட்கார்ந்த அசைவு.

அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். அந்த நேரத்து என் மகிழ்ச்சியை எழுதாமல் விட்டால் இதில் வேறு எதை எழுதியும் பயனில்லை. ஆமாம், மகிழ்ச்சி. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாவியோடு போனேன். ஈர மண்ணில் பாதம் சத்தமில்லாமல் பதிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவில் சாவியைத் திருப்பி, ஒரே இழுப்பில் திறந்தேன்.

இரண்டு கண்கள். கரும்பச்சையாக ஒளிர்ந்த இரண்டு கண்கள். சாம்பல் உடம்பு, கருத்த முகம், தன்னைவிட நீளமோ என்று தோன்றிய வால். பின்சீட்டில் குளிருக்குப் போட்டு வைத்திருந்த என் பழைய கம்பளியில் ஒரு குழி செய்து அதற்குள் சுருண்டு படுத்திருந்த மரநாய், பல்லைக் காட்டிச் சீறியது. அதே கணம் அந்த வாசம், வெந்த சீரகச் சம்பாவின் ஆவி, ஒரு பானை முழுக்க என் முகத்தில் கொட்டியது போல வந்தது. அது சாய்மானத்தின் கிழிசலுக்குள் பாய்ந்து, டிக்கிக்குள் தடதடத்து, ஓட்டை வழியே இறங்கி, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக்கில் ஏறி மறைந்தது. சீட்டின் ஓரத்தில் ஒரு காப்பிக் கொட்டைக் கட்டி. கடலை மிட்டாய் போல. புதிது.

திரும்பினேன். கையில் தார்ப்பாய்க் கயிற்றோடு அவர் நின்றுகொண்டிருந்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"மரநாயா?"

"ம்."

"அப்ப சோறு வடிச்ச வாசம் அடிச்சிருக்கோணுமே."

சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"எங்கம்மா சொல்லும். காட்டுக்குள்ள திடீர்னு சோறு வெந்த வாசம் வந்தா, சமையக்காரி மரத்து மேல இருக்கறான்னு அர்த்தம். நாங்க சின்னப் புள்ளைல அண்ணாந்து பாத்துத் தேடுவம்." அவர் என் பக்கம் திரும்பினார். "நீ பூசணம்னுதான சொன்ன?"

தலையை ஆட்டினேன்.

"என்ன வாசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். சீட்டில் கிடந்த கட்டியைக் குனிந்து பார்த்து, "இத எல்லாம் என்ன பண்ணுன?" என்றார்.

"களத்துல போட்டுட்டேங்க. நம்ம காப்பியோட."

"வறுத்ததுல?"

"இருந்திருக்கும்."

அவர் சிரித்தார். உடம்பு குலுங்க, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிரவே தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார். "மரநாய் படுத்துத் தூங்குனதுக்கு எனக்குக் கெட்ட பேரு சாமி! அதுக்கு மேல, அது கழிஞ்ச காப்பிய எனக்கே போட்டுக் குடுத்திருக்கறா உங்கண்ணி." அந்தப் பக்கம் அவளும் சிரிப்பது கேட்டது. பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களிடம் சொன்னார், உரக்கடையில் சொன்னார். ஊரே சிரித்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் கதையைச் சொல்லக் கற்றுக்கொண்டார். வெறுங்காலோடு போன பகுதி அதில் வரவே வராது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை அவர் பத்திரமாகத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டே நான் நின்றிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன். "அட உடு புள்ள" என்றார். உடு என்று சொல்லிவிட்டால் எங்கே கொண்டுபோய் விடுவது?

கம்பளியை எரித்தோம். டிக்கி ஓட்டைக்குத் தகரம் வைத்து அடைத்தாகிவிட்டது. அடுத்த வாரம் கட்டு மாற்ற அவர் காரில் ஏறினார், முன்சீட்டில், நான் ஓட்ட. ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, நான் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். எதிர்ச் சாரி ஓட்டலில் இலை போடும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் கட்டோடு நொண்டி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஏன், சாப்பிடப் போகலியா?"

அவரை அண்ணாந்து பார்த்தேன். அவர் எதிர் ஓட்டலைக் கண்ணால் காட்டினார்.

"உங்களுக்கு... எப்பத் தெரியும்?"

"மொத வாரமே. சேலைத் தலப்புல ரசச் சொட்டு இருந்துச்சு, ஒரு கறிவேப்பிலயோட."

"ஏங்க கேக்கல?"

அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "உனக்குப் பசிக்குமில்ல" என்றார். "போ, போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் உக்காந்திருக்கறன்."

நான் போகவில்லை.

மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றினோம். மூடிய காருக்குள் ஈரம் ஏறியதும், சீட்டுப் பஞ்சின் ஆழத்தில் எங்கேயோ மிஞ்சியிருந்தது மெல்ல எழுந்து வந்தது. நான் மூச்சை அடக்கினேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னும் அடிக்குதா?"

பழக்கம், இல்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே பஸ் வந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டேன். பஸ் போனது.

"அடிக்குதுங்க."

"எப்படி இருக்குது? எனக்குத்தான் எல்லாம் போச்சே. நீ சொல்லு."

அவரை நம்பாத நாளெல்லாம் நான் பொத்தி வைத்திருந்தது அது. சொல்லத் தொடங்கினேன். அரிசி கொதிக்கத் தொடங்குகையில் பச்சையாக ஒரு வாசம், அது இல்லை, அதற்கு அடுத்தது என்றேன். மூடியைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கையில் கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் மாவாக வரும். அடியில் ஓர் ஓரம் பிடிக்கப் போகிறது, இன்னும் பிடிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ம்" என்றார். "அப்பறம்?"

மழை விடவில்லை. மேலே போய்ச் சேர இன்னும் வளைவுகள் இருந்தன. நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.